மொட்டைக் கடுதாசியை எழுதியது யார்?

துப்பறியும் கதைகளில் வரும் மொழித் தடயங்களைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு, தடயவியல் மொழியியல் தெரிந்தவர்கள் இந்த இதழில் பதில் சொல்கிறார்கள்.

கே: மொட்டைக் கடுதாசியின் கையெழுத்தை வைத்து ஆளைப் பிடிப்பதும், ‘தடயவியல் மொழியியல்’ என்பதும் ஒன்றுதானா? – தேனி வாசகர்

இல்லை. கையெழுத்து நிபுணருக்குச் சுழி, சாய்வு, பேனாவின் அழுத்தம் எல்லாம் வேண்டும். அதனால் அசல் காகிதமே அவர் கைக்கு வந்தாக வேண்டும். மொழியியலாளருக்கு டைப் அடித்த கடிதமோ, செல்போன் செய்தியோ, போலீஸ் எழுதிக்கொண்ட வாக்குமூலமோ எதுவானாலும் சரி. எழுதியவர் எந்தச் சொல்லை எடுத்தார், எந்த வரிசையில் வைத்தார், எதை விட்டார், எங்கே இடைவெளி விட்டார் என்பதுதான் அவருடைய வேலை.

ஸ்வீடன் நாட்டு மொழியியலாளர் யான் ஸ்வார்ட்விக் 1968இல் இந்தப் பெயரை வைத்தார். லண்டனில் தன் குழந்தையைக் கொன்றதாக 1950இல் தூக்கிலிடப்பட்ட டிமத்தி எவன்ஸ் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலங்களை அவர் ஆராய்ந்தார். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பகுதிகளின் வாக்கிய அமைப்பு மற்றப் பகுதிகளோடு ஒத்துப்போகவில்லை என்று காட்டினார். எவன்ஸுக்கு 1966இலேயே மன்னிப்பு வழங்கப்பட்டுவிட்டது. இந்தத் துறை பிறந்ததே போலீஸ் எழுதிய காகிதத்தைச் சந்தேகித்துத்தான். துப்பறியும் கதைகளில் இந்தப் பக்கம் அநேகமாக வருவதே இல்லை.

கே: ஷெர்லாக் ஹோம்ஸ் இதையெல்லாம் அப்போதே செய்துவிட்டாரே? – கும்பகோணம் வாசகி

செய்தார். ஒரு தடவை அரைகுறையாக, ஒரு தடவை அபாரமாக.

1891இல் வந்த போஹீமியா கதையில் ஒரு கடிதம் வருகிறது. அதில் ஒரு வாக்கியத்தின் வினைச்சொல் கடைசியில் நிற்கிறது. பிரெஞ்சுக்காரரோ ரஷ்யரோ இப்படி எழுதியிருக்க முடியாது, எழுதியவர் ஜெர்மானியர் என்கிறார் ஹோம்ஸ். முதல் பாதி நியாயம். இரண்டாம் பாதிக்கு மொழி மட்டும் போதாது. வினையைக் கடைசியில் வைக்கும் பழக்கம் தமிழருக்கும் உண்டு, துருக்கியருக்கும் ஜப்பானியருக்கும் உண்டு. காகிதம் ஜெர்மன் மொழி வழங்கிய போஹீமியாவில் தயாரானது என்று அதன் நீர்க்குறி காட்டியதால்தான் ஹோம்ஸின் முடிவு நின்றது.

சிவப்பு வட்டம் கதையில் வரும் தடயம் இதைவிட நுட்பமானது. வாடகைக்கு அறை எடுத்தவர் நல்ல ஆங்கிலம் பேசியவர். பிறகு அறைக்குள்ளிருந்து வெளியே வரும் துண்டுச் சீட்டில் ‘மேட்ச்’ என்று ஒருமையில் இருக்கிறது. தீக்குச்சி கேட்பவர் ‘மேட்சஸ்’ என்று பன்மையில்தான் எழுதுவார். அகராதியில் பெயர்ச்சொல் ஒருமையில் மட்டும் இருக்கும், அங்கிருந்து பார்த்து எழுதியிருக்கிறார், ஆகவே உள்ளே இருப்பது வேறொரு ஆள் என்று ஹோம்ஸ் கணிக்கிறார். ஒரு பிழை எந்த வழியாக வந்தது என்று கேட்பதுதான் இந்தத் துறையின் அடிப்படைக் கேள்வி. கதை எழுதுகிறவர்கள் முதல் கதையை விட்டுவிட்டு இரண்டாவதைப் படிக்கலாம்.

கே: கடத்தல்காரன் வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதினால் தப்பித்துவிடலாம் அல்லவா? – ஈரோடு வாசகர்

அநேகமாக மாட்டிக்கொள்வான். பிழையிலும் ஒரு ஒழுங்கு உண்டு. உண்மையிலேயே எழுத்து தடுமாறுகிறவர் கஷ்டமான சொல்லில் தடுமாறுவார், எளிய சொல்லைச் சரியாக எழுதுவார். நடிக்கிறவர் இதைத் தலைகீழாகச் செய்வார்.

அமெரிக்க மொழியியலாளர் ராஜர் ஷுய் ஆராய்ந்த ஒரு கடத்தல் சீட்டு இதற்குப் பாடம் மாதிரி. குழந்தை வேண்டுமானால் 10,000 டாலரை டயபர் பையில் போட்டு, ‘டெவில் ஸ்ட்ரிப்’பில் உள்ள பச்சைக் குப்பைத் தொட்டியில் வை என்று அதில் இருந்தது. ‘கேன்’, ‘காப்ஸ்’ போன்ற சின்னச் சொற்களில் சி எழுத்துக்குப் பதில் கே. மகள் என்பதற்கான சொல்லிலும் பிழை. ஆனால் ‘பிரெஷஸ்’, ‘டயபர்’, ‘வாட்ச்சிங்’ எல்லாம் எழுத்துப் பிசகாமல் இருந்தன. நிறுத்தற்குறிகளும் பெரும்பாலும் சரியான இடத்தில். படித்தவர் ஒருவர் படிக்காதவர் வேஷம் போடுகிறார் என்று தெரிந்துவிட்டது.

அடுத்தது ‘டெவில் ஸ்ட்ரிப்’. சாலைக்கும் நடைபாதைக்கும் நடுவே இருக்கும் புல்தரைக்கு ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரத்தில் வழங்கும் பெயர் அது. மற்ற ஊர்களில் அதற்கு வேறு வேறு பெயர்கள். சந்தேகப் பட்டியலில் ஆக்ரனைச் சேர்ந்த, படித்த ஆள் ஒருவர் இருந்தார்.

தமிழிலும் இதே சூட்சுமம் செல்லும். இரண்டு வீடுகளுக்கு நடுவே போகும் குறுகலான வழியைத் திருநெல்வேலிப் பக்கம் ‘முடுக்கு’ என்பார்கள். யாழ்ப்பாணத்தில் அந்த மாதிரிச் சின்னத் தெரு ‘ஒழுங்கை’. பணத்தை எங்கே வைக்க வேண்டும் என்று எழுதும்போது கவனம் இடத்தில் இருக்கும், சொல்லில் இருக்காது. அங்கேதான் ஊர்ச் சொல் நழுவி விழும். நம் மர்மக் கதைகளில் வில்லன் ‘ஏலே’ என்றதும் அவன் நெல்லைக்காரன் என்று துப்பறிவாளர் கண்டுபிடித்துவிடுவார். ‘ஏலே’ சினிமா பார்த்த எவருக்கும் வரும். எல்லாருக்கும் தெரிந்த அடையாளத்தை யாரும் போட்டுக்கொள்ளலாம், அதனால் அது சாட்சிக்கு உதவாது.

கே: போலீஸ் எழுதிய வாக்குமூலம் பொய் என்று மொழியை வைத்து எப்படிக் காட்டுவது? – சேலம் வழக்கறிஞர்

டெரிக் பென்ட்லி வழக்கைப் படியுங்கள். 1952 நவம்பர் 2ஆம் தேதி, லண்டனை ஒட்டிய குராய்டனில் ஒரு கிடங்கில் திருடப்போன இருவர் மாட்டிக்கொண்டார்கள். 16 வயது கிறிஸ்டஃபர் கிரெய்க் போலீஸ்காரர் ஒருவரைச் சுட்டுக் கொன்றார். வயது குறைவு என்பதால் கிரெய்க்குத் தூக்கு இல்லை. துப்பாக்கியைத் தொடாத 19 வயது பென்ட்லி 1953 ஜனவரி 28இல் தூக்கிலிடப்பட்டார்.

‘லெட் ஹிம் ஹேவ் இட், கிறிஸ்’ என்று பென்ட்லி கத்தியதாகப் போலீஸ் சொன்னது. ‘அவனுக்குக் குடுடா’ என்பதைப் போன்ற பேச்சு அது. கையில் இருப்பதை அவரிடம் கொடுத்துவிடு என்றும் கொள்ளலாம், சாத்து என்றும் கொள்ளலாம். பென்ட்லி தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். எல்லாரும் பேசுவது இந்த வாக்கியத்தைப் பற்றித்தான். மொழியியலாளர் மால்கம் கூல்தார்ட் கவனித்தது வேறொன்றை.

பென்ட்லி கேள்வி எதுவும் இல்லாமல் தானாகவே சொல்லச் சொல்ல எழுதியது என்று போலீஸ் காட்டிய வாக்குமூலம் 582 சொற்கள். அதில் ‘தென்’, அதாவது ‘பிறகு’, 10 முறை வருகிறது. சாதாரண சாட்சிகளின் வாக்குமூலங்களில் 930 சொற்களுக்கு ஒரு முறைதான் வந்தது. போலீஸ்காரர்கள் எழுதியவற்றில் 78 சொற்களுக்கு ஒன்று. அது எங்கே நிற்கிறது என்பது இன்னும் முக்கியம். பேச்சில் ஆங்கிலேயர் ‘தென் ஐ’, அதாவது ‘பிறகு நான்’ என்று தொடங்குவார்கள். ‘ஐ தென்’ என்று எழுவாய்க்குப் பின்னால் வைப்பது போலீஸ் அறிக்கை நடை. 15 லட்சம் சொற்கள் கொண்ட பேச்சுத் தொகுப்பில் தேடியபோது ‘ஐ தென்’ 1,65,000 சொற்களுக்கு ஒருமுறைதான் கிடைத்தது. பென்ட்லியின் வாக்குமூலத்தில் 190 சொற்களுக்கு ஒன்று, போலீஸ் அறிக்கைகளில் 119 சொற்களுக்கு ஒன்று. எழுத்தறிவு மிகக் குறைந்த இளைஞர் இந்த நடையை எங்கே பிடித்தார்?

இன்னொரு தடயம் எதிர்மறை வாக்கியங்கள். ‘அவன் துப்பாக்கியைப் பயன்படுத்தப் போகிறான் என்று எனக்குத் தெரியாது’ என்று நடுவில் ஒரு வரி. நடந்ததைத் தானாகச் சொல்லிக்கொண்டு போகிறவர், யாரும் கேட்காத ஒன்றை மறுக்க மாட்டார். மறுப்பு இருக்கிற இடத்தில் அநேகமாக ஒரு கேள்வி இருந்திருக்கும், அந்தக் கேள்வியை எழுதாமல் விட்டிருப்பார்கள்.

1998 ஜூலை 30இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. ஆனால் ‘ஐ தென்’தான் பென்ட்லியை விடுவித்தது என்று கதை கட்டக் கூடாது. விசாரணை நீதிபதி ஜூரிகளுக்குத் தொகுத்துச் சொன்ன விதம் நியாயமற்றது என்பதே ரத்துக்கு முதன்மைக் காரணம்.

கே: நம் ஊர் வாக்குமூலங்களுக்கும் இது பொருந்துமா? நம் நீதிமன்றம் ஏற்குமா? – அதே வாசகர்

‘நான் மேற்படி விலாசத்தில் என் குடும்பத்தாருடன் குடியிருந்து வருகிறேன். கூலி வேலை செய்து வருகிறேன். சம்பவத்தன்று…’ இந்த நடையில் யாராவது வாய் திறந்து பேசிக் கேட்டிருக்கிறீர்களா? இது ஸ்டேஷன் எழுத்தரின் தமிழ். சொன்னவர் மொழி அதற்குள் கரைந்துபோயிருக்கும். ஆகவே இப்படிப்பட்ட ஒன்றை வைத்து, ‘இதைச் சொன்னவர் இந்த ஆள் அல்ல’ என்று வாதாடினால் எதிர்த்தரப்பு சிரிக்கும். எழுதியவர் வேறு என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். போலீஸ் விசாரணையில் எழுதும் சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்தே வாங்கக் கூடாது என்பது சட்டம். போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலும் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்தில் அது 25ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 23ஆம் பிரிவு.

மொழியியல் உதவக்கூடிய இடம் வேறு. ஐந்து சாட்சிகளின் வாக்குமூலங்களில் ஒரே வாக்கியம், அதே தொடர்ச்சியில், அதே எழுத்துப்பிழையோடு வந்தால் அதைக் காட்டலாம். இருவர் தனித்தனியாக ஒரே சம்பவத்தைச் சொன்னால் கருத்து ஒன்றாக இருக்கும், சொல்வரிசை நீளத்துக்கு ஒன்றாக இருக்காது. மாஜிஸ்திரேட் முன் தந்த வாக்குமூலம், மரண வாக்குமூலம் இவற்றில் சொன்னவரின் சொந்த வார்த்தைகள் எவ்வளவு இருக்கின்றன என்பதும் பார்க்கத் தக்கது.

நிபுணர் கருத்துக்கு வழி இருக்கிறது. பழைய 45ஆம் பிரிவு அயல்நாட்டுச் சட்டம், அறிவியல், கலை, கையெழுத்து, விரல்ரேகை என்று அடுக்கியது. புதிய சட்டத்தின் 39ஆம் பிரிவு ‘வேறெந்தத் துறையும்’ என்று சேர்த்திருக்கிறது. கதவு கொஞ்சம் அகலமாகியிருக்கிறது, அவ்வளவே. நிபுணர் சொன்னால் நீதிபதி ஏற்றே ஆக வேண்டும் என்பது கிடையாது.

கே: யூனாபாம்பர் ஒரே ஒரு பழமொழியால் பிடிபட்டதாகப் படித்தேன். நிஜமா? – புதுச்சேரி வாசகர்

பாதி நிஜம். 1978 முதல் 1995 வரை அமெரிக்காவில் வெடிகுண்டு அனுப்பிய அந்த ஆள், சுமார் 35,000 சொற்கள் கொண்ட அறிக்கையை 1995 செப்டம்பரில் வாஷிங்டன் போஸ்ட்டில் வெளியிட வைத்தார். கேக் பற்றிய ஆங்கிலப் பழமொழியைப் பலரும் ‘வைத்திருப்பதும் தின்பதும்’ என்ற வரிசையில் சொல்வார்கள். அறிக்கையில் ‘தின்பதும் வைத்திருப்பதும்’ என்று பழைய வரிசையில் இருந்தது. பின்னால் யூனாபாம்பர் என்று தெரியவந்த டெட் கசின்ஸ்கியின் கடிதத்திலும் அப்படியே.

ஆனால் துப்பு அங்கே தொடங்கவில்லை. அறிக்கையைப் படித்த தம்பி டேவிட்டுக்கு, ‘நிதான புத்தியுள்ள தர்க்கவாதிகள்’ என்ற பொருளில் வந்த ஒரு தொடர் அண்ணனுடையது என்று பட்டது. குடும்பத்தாரிடம் இருந்த பழைய கடிதங்களையும் கட்டுரையையும் எஃப்.பி.ஐ. அறிக்கையோடு வரிவரியாக ஒப்பிட்டது. அந்த ஒப்பீடு எதற்குப் பயன்பட்டது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். மொன்டானாவில் உள்ள குடிசையைச் சோதனையிட வாரண்ட் வாங்கத்தான். 1996 ஏப்ரல் 3இல் உள்ளே போனபோது வெடிகுண்டுப் பொருட்கள் கிடைத்தன. வழக்கை நிலைநிறுத்தியவை அவை. மொழித் தடயம் கதவுவரை கூட்டிக்கொண்டு போனது.

கே: செல்போன் செய்தியில் நாலு வார்த்தைதான் இருக்கும். அதில் என்ன கண்டுபிடிக்க முடியும்? – கோவை வாசகி

நாலு வார்த்தையில் ஒன்றும் முடியாது. ஆனால் ஒருவர் அனுப்பிய நூறு செய்திகள் கையில் இருந்து, சந்தேகத்துக்குரியவரின் செய்திகளும் இருந்தால் கதை வேறு.

2005இல் இங்கிலாந்தின் வட யார்க்‌ஷயரில் 19 வயதுப் பெண் ஒருவர் காணாமல் போனார். அதன்பிறகும் அவர் போனிலிருந்து குடும்பத்தாருக்குச் செய்திகள் வந்தன. உயிரோடிருந்தபோது அவர் அனுப்பியவற்றில், ‘டு’ என்பதற்குப் போடும் 2 என்ற எண்ணுக்குப் பின்னால் இடைவெளி இல்லாமல் அடுத்த சொல்லை ஒட்டுவார். பிந்தைய செய்திகளில் இடைவெளி இருந்தது. அவர் ‘மை’, ‘மைசெல்ஃப்’ என்று எழுதுவார். பிந்தையவற்றில் ‘மீ’, ‘மீசெல்ஃப்’. இந்தப் பழக்கங்கள் சந்தேகிக்கப்பட்ட ஆணின் செய்திகளோடு ஒத்துப்போயின. இங்கேயும் கூல்தார்ட் சாட்சி சொன்னார். மற்ற ஆதாரங்களோடு சேர்த்து 2008இல் அந்த ஆளுக்குத் தண்டனை கிடைத்தது.

தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவர்களிடம் இதைவிட அதிகம் கிடைக்கும். ழகரத்துக்கு ‘இசட்–ஹெச்’ போடுகிறாரா, வெறும் ‘எல்’ போடுகிறாரா? ‘இருக்கு’ என்பதில் ‘கே’ ஒன்றா இரண்டா? ‘சரி’ என்பதற்கு ‘எஸ்’ஸா, ‘எஸ்–ஹெச்’சா? நெடிலுக்கு ‘ஏ’ இரண்டு தடவையா? தமிழ் எழுத்தில் அடித்தால் ஒற்று, ‘வந்துவிட்டது’ சேர்ந்தா பிரிந்தா, ர–ற, ன–ண குழப்பம், ‘னு’வா ‘ன்னு’வா என்று பார்க்க வேண்டும். ஒன்று எச்சரிக்கை: போனே சொல்லை முடித்துக் கொடுத்தால் அது போனின் எழுத்து, ஆளின் எழுத்து அல்ல. குரலில் சொல்லி அடித்ததும் அப்படியே. எந்தப் போன், எந்த விசைப்பலகை, திருத்தம் இயங்கியதா என்று முதலில் விசாரிக்காமல் எண்ணத் தொடங்கினால் உழைப்பு வீண்.

கே: நானே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் எப்படித் தொடங்குவது? – கதை எழுதும் வாசகர், தஞ்சாவூர்

முதலில் ஒரே இனத்து எழுத்துகளைச் சேருங்கள். மொட்டைக் கடுதாசியை ஒருவரின் கல்யாணப் பத்திரிகை வாசகத்தோடு ஒப்பிட முடியாது. அதே காலம், அதே தொனி, முடிந்தால் அதே மாதிரி ஆளுக்கு எழுதியது வேண்டும். சந்தேகத்துக்குரியவர் ஒருவர் போதாது, குறைந்தது நாலைந்து பேரின் எழுத்து வேண்டும். எது எவருடையது என்ற பெயரை மறைத்துவிட்டு, இன்னொருவர் அம்சங்களைக் குறிக்கட்டும். முடிவு தெரிந்த பிறகு எண்ணுகிறவருக்கு வேண்டியதெல்லாம் கண்ணில் படும்.

எண்ண வேண்டியவை பளிச்சென்ற சொற்கள் அல்ல. ‘ஆனால்–ஆனா–ஆயினும்’, ‘அதனால்–ஆகவே–எனவே’, ‘ஒரு–ஓர்’, ‘என்று–என’ போல எழுதுகிறவர் யோசிக்காமல் போடுபவை. ஆயிரம் சொற்களுக்கு இத்தனை என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் அரசியல் சாசனத்தை ஆதரித்து 1787–88இல் புனைபெயரில் வந்த 85 ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் 12 கட்டுரைகள் ஹாமில்டனுடையவையா மேடிசனுடையவையா என்ற சண்டையை, 1964இல் மோஸ்டெல்லர், வாலஸ் என்ற புள்ளியியலாளர்கள் இப்படித்தான் அணுகினார்கள். ‘மேல்’ என்று பொருள்படும் ‘அப்பான்’ என்ற சொல்லை ஹாமில்டன் ஆயிரம் சொற்களுக்குச் சுமார் மூன்று முறை போடுவார், மேடிசன் அபூர்வமாக. 12உம் மேடிசன் பக்கம் சாய்ந்தன.

ஒரே ஆளின் இரண்டு எழுத்துகளை முதலில் ஒப்பிடுங்கள். அவருக்குள்ளேயே அந்த அம்சம் தாறுமாறாக ஏறி இறங்கினால் தூக்கி எறியுங்கள். பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுவார்கள், பிழைகளில் பாதி அங்கேதான் விளைகிறது.

2013இல் ராபர்ட் கால்பிரெய்த் என்ற பெயரில் வந்த துப்பறியும் நாவலை எழுதியது ஜே.கே. ரௌலிங் என்று கணினி கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். உண்மையில் பத்திரிகைக்கு முதலில் ஒரு ரகசியத் தகவல் வந்தது. பிறகுதான் கணினியியல் பேராசிரியர் பாட்ரிக் ஜுவோலா அந்த நாவலை ரௌலிங்கோடும் வேறு மூன்று பெண் எழுத்தாளர்களோடும் ஒப்பிட்டார். சொல் நீளம், அதிகம் வரும் 100 சொற்கள், அடுத்தடுத்து வரும் சொல் ஜோடிகள், நான்கு எழுத்துத் துண்டுகள் என்று நான்கு சோதனை. எல்லாமே ஒரே ஆளைக் காட்டவில்லை, ஆனால் ரௌலிங் தொடர்ந்து முன்வரிசையில் நின்றார். கேட்டபோது அவரே ஒப்புக்கொண்டார். உலகத்து எழுத்தாளர்கள் அத்தனை பேரிலிருந்தும் ஒருவரை மொழி பொறுக்கி எடுக்கவில்லை, நாலு பேரில் யார் என்றுதான் சொன்னது.

கே: நிபுணர் சரியாகச் சொல்லியும் வழக்கு கெட்டுப்போனது உண்டா? – நாகர்கோவில் வாசகர்

யார்க்‌ஷயர் ரிப்பர் வழக்கு. இங்கிலாந்தில் பெண்களைத் தொடர்ந்து கொன்றவனுக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் அது. 1979 ஜூனில் ‘நான்தான் கொலையாளி’ என்று ஒரு ஒலிநாடா போலீசுக்கு வந்தது. பேச்சொலி நிபுணர்கள் கேட்டுவிட்டு, பேசுகிறவர் வடகிழக்கு இங்கிலாந்தின் சண்டர்லாந்து பக்கம், காஸில்டவுன் பகுதி என்று கிட்டத்தட்ட தெருவரை சொன்னார்கள். போலீஸ் ஒரு படி தாண்டி, அந்த உச்சரிப்பு இல்லாதவர்களையெல்லாம் சந்தேகப் பட்டியலிலிருந்து கழிக்கத் தொடங்கியது. உண்மையான கொலையாளி, பிராட்ஃபோர்டுக்காரரான பீட்டர் சட்கிளிஃப், அந்தச் சல்லடையில் நழுவினார். 1981 ஜனவரியில் அவர் சிக்குவதற்குள் மேலும் மூன்று பெண்கள் கொல்லப்பட்டார்கள். நாடாவில் பேசியவர் வெறும் ஏமாற்றுக்காரர். பல ஆண்டுகள் கழித்து மரபணு மூலம் சிக்கி 2006இல் சிறைக்குப் போனார். அவர் சண்டர்லாந்துக்காரர்தான். நாடாவில் பேசியவர் எந்த ஊர் என்பது ஒரு கேள்வி, பேசியவர்தான் கொலை செய்தாரா என்பது இன்னொன்று. இரண்டாவதை மொழியிடம் கேட்கவே கூடாது.

கே: எங்கள் குடியிருப்பில் ஒருவரைப் பற்றி மொட்டைக் கடிதம் சுற்றுகிறது. யார் என்று நாங்களே கண்டுபிடிக்கலாமா? – சென்னை வாசகி

வேண்டாம். ஒரே குடியிருப்பில் இருப்பவர்கள் ஒரே வாட்ஸ்அப் குழுவில் பேசி ஒருவர் சொல்லை ஒருவர் எடுத்துக்கொள்வார்கள், ஒற்றுமை எல்லாரிடமும் தெரியும். செயற்கை நுண்ணறிவுச் செயலியில் கொடுத்து மாற்றி எழுதி வாங்கியிருந்தால் ஒப்பிட ஒன்றுமே மிஞ்சாது. தப்பான ஆள்மேல் பழி விழுந்தால் அவதூறு வழக்கு உங்கள்மேல் வரும்.

காகிதத்தையும் உறையையும் விளிம்பைப் பிடித்து எடுத்து, பிளாஸ்டிக்கில் அல்லாமல் காகித உறையில் போடுங்கள். கிடைத்த தேதி, நேரம், யார் எடுத்தார் என்பதை வேறொரு தாளில் எழுதி வையுங்கள், கடிதத்தின்மேல் எழுதாதீர்கள். போனில் வந்திருந்தால் மற்றவர்களுக்கு ஃபார்வர்டு செய்துவிட்டு அசலை அழித்துவிடாதீர்கள். அனுப்பியவர் எண்ணும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, போனையும் அப்படியே வைத்திருங்கள். மிரட்டல் இருந்தால் அதோடு நேரே காவல் நிலையம் போய்ப் புகார் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.